துப்பறிவாளரின் கையில் சாக்ஸஃபோனைக் கொடுத்தவர் யார்?

மூன்றாம் வரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் முழுவதும் 1940களின் அமெரிக்கத் துப்பறியும் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே என் மனத்தில் ஒரு சித்திரம் இருந்தது: மழை பெய்து ஓய்ந்த தெரு, விளக்குக் கம்பத்தின் அடியில் தொப்பி அணிந்த ஒருவர், எங்கிருந்தோ இழைந்து வரும் ஒற்றைச் சாக்ஸஃபோன். தெருவும் தொப்பியும் தாராளமாகக் கிடைத்தன; சாக்ஸஃபோனைத்தான் காணவில்லை.

1946-இல் வெளிவந்த 'தி பிக் ஸ்லீப்' படத்திற்கு மாக்ஸ் ஸ்டெய்னர் அமைத்த பின்னணி இசை, ஐரோப்பிய மரபில் எழுதப்பட்ட பெரிய வாத்தியக் குழுவின் இசை. 1944-இன் 'டபுள் இண்டெம்னிட்டி' படத்தில் மிக்லோஸ் ரோஜாவின் இசை, ஒரு மரண ஊர்வலம் நம்மை நோக்கி நடந்து வருவதைப் போலக் கனத்து ஒலிக்கிறது. அதே ஆண்டில் வந்த 'லாரா'வுக்கு டேவிட் ராக்சின் தந்த மெட்டைப் பிற்காலத்தில் ஜாஸ் கலைஞர்கள் விரும்பி வாசித்தார்கள், 1950-இல் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கரே அதை இசைத்தட்டில் பதிந்தார். ஆனால் படத்திற்குள் அது வயலின்களின் சொத்தாகவே இருக்கிறது.

அப்படியானால் என் மனத்தில் ஒலிக்கும் அந்தச் சாக்ஸஃபோனை யார், எப்போது அங்கே வைத்தார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

தெற்குவாசல் எழுதியது:

உங்கள் கேள்வி நல்ல கேள்வி, ஆனால் அதன் அடிப்படையை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 1940களின் படங்களில் ஜாஸ் இல்லை என்று சொல்ல முடியாது. அது பின்னணியில் இல்லை, காட்சிக்குள் இருக்கிறது.

ராபர்ட் சியோட்மாக் இயக்கிய 'ஃபாண்டம் லேடி' (1944) படத்தை மீண்டும் பாருங்கள். நிரபராதி ஒருவரை மரண தண்டனையிலிருந்து காப்பாற்றத் துடிக்கும் கதாநாயகி, உண்மையை மறைக்கும் ஒரு டிரம்ஸ் கலைஞனிடமிருந்து செய்தியைக் கறப்பதற்காகப் பகட்டான உடையில் அவனோடு செல்கிறாள். நள்ளிரவு கடந்த பிறகு, காற்றுப் புகாத ஒரு சிற்றறையில் கலைஞர்கள் தங்களுக்காகவே வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் அருகில் நின்று தூண்டத் தூண்ட, எலிஷா குக் நடித்த அந்த டிரம்ஸ் கலைஞனின் கைகள் வெறி பிடித்தவை போல வேகமெடுக்கின்றன. அன்றைய தணிக்கை விதிகள் காட்ட அனுமதிக்காத அனைத்தையும் அந்த இரண்டு குச்சிகள் காட்டிவிடுகின்றன.

இன்னொன்று 1950-இன் 'டி.ஓ.ஏ.' படம். சான் பிரான்சிஸ்கோவின் ஒரு விடுதியில் கறுப்பினக் கலைஞர்களின் குழு உச்சத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான், கதாநாயகனின் மதுக் கோப்பை மாற்றப்பட்டு நஞ்சு அவனுள் இறங்குகிறது. அந்தப் படத்தின் பின்னணி இசை டிமிட்ரி டியோம்கினுடையது. அதுவும் பெரிய வாத்தியக் குழுவின் இசைதான். ஆக, கதையைச் சொல்லும் குரல் வயலினுடையது. நஞ்சு வைக்கப்படும் இடத்தின் ஒலி ஜாஸினுடையது.

நிலா முற்றம் எழுதியது:

தெற்குவாசல் அவர்கள் எழுதியதன் கடைசி வரியிலிருந்தே தொடர விரும்புகிறேன். கதைக்குள் இருப்பவர்கள் கேட்கும் இசைக்கும், நாம் மட்டும் கேட்கும் இசைக்கும் இருந்த அந்த எல்லைக்கோடு வெறும் தொழில்நுட்பக் கோடு அன்று. அது ஒரு வகையில் சாதிக்கோடு. விடுதியில் வாசிக்கப்பட்டது கறுப்பின மக்களின் இசை. போதை, காமம், வன்முறை ஆகியவை நிகழப்போகின்றன என்பதற்கான அறிவிப்பாக அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நாயகனின் மனத்தையோ நாயகியின் துயரத்தையோ பற்றிப் பேச அதற்கு உரிமை வழங்கப்படவில்லை. வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்து வேலை வாங்குவது நமக்குப் பழக்கமில்லாத காட்சியா என்ன?

அந்தக் கோடு முதலில் அழிந்தது துப்பறியும் படத்தில் அன்று. 1951-இல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசயர்' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜாஸின் வளைவுகள் பின்னணி இசையின் உடலுக்குள்ளேயே புகுந்தன. ஸ்டெல்லா படிக்கட்டில் இறங்கிக் கணவனிடம் வரும் காட்சியின் இசை மிகையான உடல்வேட்கையை உணர்த்துகிறது என்று கத்தோலிக்க ஒழுக்கக் கண்காணிப்பு அமைப்பு ஆட்சேபித்ததால், அந்த இசை மாற்றப்பட்டது. 1993-இல் வெளிவந்த மீட்கப்பட்ட வடிவில்தான் அது திரும்பக் கிடைத்தது. ஒரு சொல்லோ ஆடையோ அல்ல, சில சுரங்களே ஆபாசம் என்று கருதப்பட்டன என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிறகு 1955-இல் எல்மர் பெர்ன்ஸ்டைன், ஓட்டோ ப்ரெமிஞ்சரின் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்திற்கு இசையமைத்தார். ஃபிராங்க் சினாட்ரா நடித்த நாயகன், டிரம்ஸ் வாசிக்க ஆசைப்படும் போதை அடிமை. ஜாஸ் கலைஞர்களான ஷார்ட்டி ராஜர்ஸும் ஷெல்லி மானும் படத்திலேயே தோன்றுகிறார்கள். இங்கே ஜாஸ் நாயகனின் நரம்புக்குள் வந்துவிட்டது; ஆனாலும், அந்த நரம்பில் ஹெராயின் ஓடுகிறது என்ற பழைய நிபந்தனையோடு.

கறுப்பு வட்டு எழுதியது:

இதுவரை வந்த பதிவுகள் அனைத்தும் திரையரங்கப் படங்களைப் பற்றியவை. மூன்றாம் வரிசை அவர்கள் தேடும் குற்றவாளி தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறார் என்பது என் கட்சி. சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1958-இன் தொடக்கத்தில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்களுக்கு எதிராக இசைக் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வுக்கு பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய இசையை லண்டனிலும் வியன்னாவிலும் பதிவுசெய்ய நேர்ந்தது அதனால்தான். வேலைநிறுத்தம் முடிந்தபோது, ஒவ்வொரு ஸ்டுடியோவும் மாதச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த நிரந்தர வாத்தியக் குழு என்னும் ஏற்பாடும் முடிந்துவிட்டது. இனி ஒவ்வொரு பதிவுக்கும் ஆட்களைத் தனித்தனியே அழைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்திலோ, பெரிய நடன இசைக் குழுக்கள் கலைந்த பிறகு வந்து தங்கிய ஜாஸ் கலைஞர்கள் நிறைய இருந்தார்கள். தாளைப் பார்த்தவுடன் பிழையின்றி வாசிப்பார்கள்; எட்டு ஆவர்த்தனங்களை வெறுமையாக விட்டு 'நிரப்பிக்கொள்ளுங்கள்' என்றாலும் மனோதர்மமாக நிரப்பித் தருவார்கள். வாராவாரம் அரை மணி நேர நிகழ்ச்சி தயாரிப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதே ஆண்டில் யூனிவர்சல் ஸ்டுடியோவின் இசைப் பிரிவில் வேலை இழந்தவர்களுள் ஒருவர் ஹென்றி மான்சினி. ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' படத்துக்கு இசையமைத்த கையோடு வேலையும் போயிற்று. ஸ்டுடியோவுக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு மட்டும் கையில் மிச்சமிருந்ததால், முடி வெட்டிக்கொள்ள அங்கிருந்த முடிதிருத்தகத்துக்குப் போயிருக்கிறார். வெளியே வரும்போது இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் எதிர்ப்பட்டு, 'பீட்டர் கன்' என்றொரு தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைக்க முடியுமா என்று கேட்டாராம். பெயரில் 'கன்' இருப்பதைக் கேட்டு, இது குதிரையும் துப்பாக்கியுமாக ஓடும் மேற்கத்தியக் கதையோ என்று மான்சினி வினவியதாக அவரே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1958 செப்டம்பரில் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. நாயகன் பீட்டர் கன் தனியார் துப்பறிவாளர், காவல்துறை ஊழியரல்லர். 'மதர்ஸ்' என்ற ஜாஸ் விடுதியே அவரது அலுவலகம் போல இயங்குகிறது. அவருடைய காதலி ஈடி அங்கே பாடுகிறார். நிலா முற்றம் அவர்கள் சொன்ன எல்லைக்கோடு இங்கேதான் நிரந்தரமாகத் தகர்ந்தது. விடுதி மேடையில் தொடங்கும் இசை, நாயகன் வாசலைத் தாண்டி இருட்டுச் சந்துக்குள் நடக்கும்போது அப்படியே அவர் பின்னால் வருகிறது. ஜாஸ் தீமையின் முகவரியாக இருந்தது போய், நாயகனின் நடையாகவே மாறிவிட்டது. குடிக்காத நேரத்திலும், தவறு செய்யாத நேரத்திலும், சும்மா நடக்கும்போதும் அது அவருடன் இருக்கிறது.

அந்தத் தொடரின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குச் சென்றது. 1959-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்ற பரிசும் அதற்கே கிடைத்தது. இத்தனைக்கும் மான்சினி அதைத் தம் பெயரில் வெளியிடத் தயங்கி ஷார்ட்டி ராஜர்ஸிடம் கேட்டபோது, 'இது உங்கள் இசை, நீங்களே செய்யுங்கள்' என்று சொல்லிப் பெருந்தன்மையாக விலகிக்கொண்டவர் ராஜர்ஸ்.

மூன்றாம் வரிசை எழுதியது:

கறுப்பு வட்டு அவர்களுக்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்துவிட்டு அந்த முகப்பு இசையைப் பத்து முறையாவது கேட்டிருப்பேன். ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. இதை ஜாஸ் என்று எப்படிச் சொல்கிறோம்? அடியில் ஓடும் அந்தச் சொற்கட்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை அசையாமல் நிற்கிறதே!

கஞ்சிராக்காரன் எழுதியது:

உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. அந்த முகப்பு இசை ஜாஸைவிட ராக் அண்ட் ரோலுக்கே அதிகக் கடன்பட்டது என்று மான்சினியே எழுதியிருக்கிறார். பியானோவின் அடிக்கட்டையும் கிட்டாரும் ஒன்றுசேர்ந்து ஒரே எட்டுச் சுரத் துணுக்கை விடாமல் வாசிக்கின்றன. சுருதி ஆதாரம் மாறுவதே இல்லை. தம்பூராவின் மேல் பாட்டு நிற்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது விசித்திரமாகத் தோன்றாது. ஆனால், நிமிடத்துக்கு நிமிடம் ஆதாரம் மாறும் ஜாஸ் உலகத்தில் அது ஒரு பிடிவாதம். அதன் மேல் பித்தளைக் கருவிகள் வந்து மோதும்போதுதான் ஜாஸ் நுழைகிறது. தொடரின் உள்ளே வரும் மற்ற உருப்படிகள், குறிப்பாகப் பேஸ் புல்லாங்குழல்களை வைத்து அவர் எழுதிய மெதுவான பகுதிகள், ஐயத்துக்கு இடமின்றி மேற்குக் கடற்கரை ஜாஸ்தான்.

போகிற போக்கில் ஒரு செய்தி: அந்தப் பியானோவை வாசித்த இளைஞர் ஜான் வில்லியம்ஸ். ஆம், பின்னாளில் சுறாமீனுக்கு இரண்டே சுரங்களால் அச்சமூட்டிய அதே வில்லியம்ஸ். ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்தால் மனித நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை அவர் அந்தப் பியானோவின் முன்னால் உட்கார்ந்தே கற்றிருப்பார் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். 1960-இல் 'செக்மேட்' என்ற துப்பறியும் தொடருக்கு அவரே ஜாஸ் இசையமைத்தார்.

தெற்குவாசல் எழுதியது:

கறுப்பு வட்டு அவர்கள் எல்லாப் பெருமையையும் மான்சினியின் பெட்டியில் போட்டுப் பூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 'பீட்டர் கன்' ஒளிபரப்பாவதற்கு முன்பே, 1957-இல் 'ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்சஸ்' வந்துவிட்டது; அதில் சிகோ ஹாமில்டனின் ஐவர் ஜாஸ் குழு காட்சியிலும் இருக்கிறது, பெர்ன்ஸ்டைனின் பின்னணி இசையோடும் கைகோத்துக்கொள்கிறது.

அதைவிட முக்கியமாக, 1957 டிசம்பர் 4 இரவு பாரிஸ் நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் நடந்ததை எப்படி மறக்க முடியும்? லூயி மால் இயக்கிய குற்றக் கதைப் படத்துக்காக டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் நான்கு கலைஞர்களும், திரையில் ஓடும் காட்சித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். எழுதப்பட்ட இசைக்கோவை என்று ஒன்றுமில்லை. சில ஆதாரங்களை மட்டும் மைல்ஸ் முன்னதாக யோசித்து வைத்திருந்தார். டிரம்ஸில் கென்னி கிளார்க்; சாக்ஸஃபோனில் அப்போது இருபது வயதே ஆன பார்னி விலன். மின்தூக்கியில் சிக்கிக்கொண்ட காதலன் வராததால், நாயகியான ஜான் மோரோ பாரிஸ் தெருக்களில் கடை விளக்குகளின் வெளிச்சத்தில் அலையும் அந்தக் காட்சியின் மீது ஒலிக்கும் டிரம்பெட், அவளைப் பற்றி எதையும் விளக்குவதில்லை. அவளுடன் அலைகிறது, அவ்வளவுதான். மூன்றாம் வரிசை அவர்களின் மனச்சித்திரத்தில் இருப்பது அந்தத் தெருதான் என்பேன். கருவி மட்டும் மாறிப்போயிருக்கிறது.

நிலா முற்றம் எழுதியது:

தெற்குவாசல் அவர்களின் மறுப்பு நியாயமானது. ஆனால் இரண்டும் வேறு வேறு வகையான சாதனைகள் என்று பார்க்கலாமே. பாரிஸில் நடந்தது ஓர் இரவின் அற்புதம். அதை மறுபடி செய்ய முடியாது. மான்சினி செய்தது வாராவாரம் செய்யக்கூடிய வழிமுறை. ஆதலால்தான் அது பரவியது. லீ மார்வின் நடித்த 'எம் ஸ்க்வாட்' தொடருக்கு இரண்டாம் பருவத்தில் ஜாஸ் குழுத் தலைவர் கவுண்ட் பேசியின் புதிய முகப்பு இசை வந்தது. உள்ளே வரும் இசையில் பென்னி கார்ட்டரின் பங்கும் உண்டு. 1959-இல் வந்த 'ஜானி ஸ்டக்காட்டோ'வில் ஜான் கஸவேட்டிஸ், துப்பறிவாளராகப் பிழைப்பு நடத்தும் ஜாஸ் பியானோ கலைஞராகவே நடித்தார். விடுதியில் உட்கார்ந்திருந்த துப்பறிவாளரை ஓராண்டுக்குள் மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

நான் கேட்க நினைப்பது, இந்தப் பரவலில் அந்த இசையைப் படைத்த மக்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதைத்தான். லாஸ் ஏஞ்சலிஸில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இசைக்கலைஞர் சங்கங்கள் இருந்து, 1953-இல்தான் அவை ஒன்றாயின. அதன் பிறகும் ஸ்டுடியோ அழைப்புகளில் பெரும்பாலானவை வெள்ளைக் கலைஞர்களுக்கே போயின. ஆகவே 1959-இல் ப்ரெமிஞ்சர், 'அனாடமி ஆஃப் எ மர்டர்' என்ற நீதிமன்றக் கதைக்குக் கறுப்பின ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டனை அழைத்தது சாதாரணச் செய்தி அன்று. எல்லிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதிய அந்த இசை, இன்ன காட்சிக்கு இன்ன உணர்ச்சி என்று வரிக்கு வரி விளக்கம் சொல்ல மறுக்கிறது. வழக்கறிஞரான நாயகன் பியானோ வாசிப்பவர். ஒரு விடுதியில் எல்லிங்டனுக்குப் பக்கத்தில் அமர்ந்து அவரோடு சேர்ந்தே வாசிக்கிறார். அந்தச் சில நொடிகளை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

கறுப்பினத் துப்பறிவாளர் ஒருவரே நாயகனாக நிற்க, கறுப்பின இசையமைப்பாளர் ஒருவரே அவருக்கு இசையமைத்ததைக் காண 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'இன் த ஹீட் ஆஃப் த நைட்' படத்தில் சிட்னி பாய்ட்டியே. இசை குவின்சி ஜோன்ஸ். முகப்புப் பாடல் ரே சார்லஸின் குரலில்.

கஞ்சிராக்காரன் எழுதியது:

இழையின் தலைப்பு துப்பறிவாளரோடு நின்றாலும், உளவாளிகளையும் உள்ளே அழைத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன், ஏனென்றால் 1962-க்குப் பிறகு இந்த இசையின் கதை அவர்கள் வழியாகத்தான் போகிறது.

அந்த ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் லண்டனில் பதிவான ஜேம்ஸ் பாண்ட் முகப்பு இசையை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் கேளுங்கள். முதலில், அரைச் சுரம் அரைச் சுரமாக ஏறி இறங்கும் அந்த நான்கு சுரப் படிக்கட்டு. அதன்மேல் விக் ஃபிளிக் வாசித்த கிட்டார், கடுகைத் தாளிக்கும்போது வெடிப்பதைப் போலத் தெறிக்கிறது. மூன்றாவதாக, பித்தளைக் கருவிகள் திடீரென்று ஸ்விங் நடைக்குத் தாவும் நடுப்பகுதி. அதுதான் கலப்பில்லாத ஜாஸ். மெட்டை அமைத்தவர் மான்டி நார்மன். அதற்கு இந்த வடிவத்தைக் கொடுத்தவர் ஜான் பாரி. மெட்டே பாரியுடையது என்று எழுதிய செய்தித்தாள் மீது நார்மன் வழக்குத் தொடுத்து, 2001-இல் 30,000 பவுண்டு இழப்பீடு பெற்றார்.

இதில் நமக்குச் சுவையான ஒரு கிளைக்கதை உண்டு. வி. எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்க முயன்று, அது அரங்கேறாமல் போனபோது நார்மன் பெட்டியில் போட்டுவைத்த ஒரு பாட்டிலிருந்து எடுத்ததே அந்தக் கிட்டார் மெட்டு. டிரினிடாட்டுக்குக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களின் வழிவந்த ஒரு குடும்பத்தின் பாட்டு அது. சித்தாரின் சாயலில் எழுதப்பட்டது. சுரங்களைத் தனித்தனியே பிரித்துக் கிட்டாரில் கொடுத்தவுடன், தும்மலால் துரதிர்ஷ்டம் பெற்ற ஏழையின் புலம்பல், கோட்டு அணிந்த கொலைகாரரின் கையொப்பமாகிவிட்டது.

தெற்குவாசல் எழுதியது:

அது சுவையான கதைதான். ஆனால் கிட்டாரும் பித்தளையும் முழங்கினால் மட்டும் ஜாஸ் ஆகிவிடுமா? என் காதுக்கு உளவாளிப் படங்களின் இசை, ஜாஸின் சட்டையை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டதாகவே தோன்றுகிறது. மனோதர்மத்துக்கு அங்கே இடமே இல்லை.

கறுப்பு வட்டு எழுதியது:

இரவல் என்பது கடுமையான சொல். ஜான் பாரி இராணுவப் பணியில் இருந்தபோது, ஸ்டான் கென்டனின் பெரிய ஜாஸ் குழுவுக்கு இசை எழுதிய பில் ரூசோவிடம் அஞ்சல்வழியாகப் பாடம் படித்தவர். 'கோல்ட்ஃபிங்கர்' முகப்புப் பாடலில் சுவரைப் போல எழும்பும் அந்தப் பித்தளை முழக்கம் கென்டன் பள்ளியின் நேரடி வாரிசு. ஆயினும் மனோதர்மம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாரியே 1965-இல் 'தி இப்க்ரெஸ் ஃபைல்' படத்துக்கு வந்தபோது முழக்கத்தையெல்லாம் கைவிட்டு, ஹங்கேரிய சிம்பலம் என்ற தந்திக் கருவியைக் கையில் எடுத்தார். பாண்டைப் போலன்றி, இந்த உளவாளி மூக்குக்கண்ணாடி அணிந்தவர். தம் சமையலைத் தாமே செய்துகொள்பவர். சம்பள உயர்வுக்காகக் கவலைப்படுபவர். அவருக்கு அந்தத் தனிமையான தந்தி ஒலி எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கேட்டுத்தான் உணர வேண்டும்.

கஞ்சிராக்காரன் எழுதியது:

தெற்குவாசல் அவர்களுக்கு என் விடை லாலோ ஷிஃப்ரின். புவனஸ் அயர்ஸில் பிறந்து, பாரிஸில் இசையமைப்பாளர் மெசியானிடம் பயின்று, டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் பியானோ வாசித்தவரை ஜாஸின் இரவல்காரர் என்று சொல்ல முடியாது. 1966-இல் 'மிஷன்: இம்பாசிபிள்' தொடருக்கு அவர் எழுதிய முகப்பு இசை ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. அதை நம் கண்ட சாபுவோடு ஒப்பிட்டுப் பலர் எழுதுகிறார்கள். அது அவ்வளவு சரியன்று. கண்ட சாபு 'தக தகிட' என்று இரண்டும் மூன்றுமாகப் பிரியும். ஷிஃப்ரினுடையதைப் பத்து அரைமாத்திரைகளாக எண்ணினால் 'தகிட தகிட தக தக' என்று வரும். நீளம், நீளம், குறில், குறில். தந்திக் குறியீட்டில் 'எம்' என்ற எழுத்துக்கு இரண்டு கோடுகள், 'ஐ' என்ற எழுத்துக்கு இரண்டு புள்ளிகள். தொடரின் பெயருடைய முதலெழுத்துகள் அப்படியே தாளமாக அமைந்திருக்கின்றன. அவர் வேண்டுமென்றே செய்தாரா, பின்னால் கண்டுபிடிக்கப்பட்ட பொருத்தமா என்று வாதிடுகிறவர்கள் வாதிடட்டும்; கையில் தட்டிப் பார்த்தால் பொருந்துகிறது.

ஏன் ஐந்து என்று கேட்டவர்களிடம், இரண்டு கால் உள்ளவர்கள் ஆட நான்கு எண்ணிக்கை போதும், ஐந்து கால் உள்ள வேற்றுலகத்தாருக்காக இதை எழுதினேன் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அந்தத் தொடரில் உளவாளிகள் செய்வதெல்லாம் நொடி தவறாத திட்டங்கள். பார்ப்பவருக்கோ கால் தரையில் பதியக் கூடாது. நான்கு எண்ணிக்கையில் கேட்பவரின் உடம்பு சாய்ந்துகொள்ள ஓர் இடம் கிடைக்கும். இதில் சாயப்போகும்போது அடுத்த ஆவர்த்தனம் தொடங்கிவிடுகிறது. தீக்குச்சி கிழித்துத் திரியில் தீ ஓடும் அந்த முகப்புக் காட்சியில் நாம் இருக்கையின் நுனிக்கு வருவது அதனால்தான். 1996-இல் திரைப்படம் எடுத்தபோது ஆடலரங்குகளுக்காக இதைப் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைக்கு நேராக்கினார்கள். திரி அணைந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது.

உள்ளபடியே முன்னோடி என்று பார்த்தால் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தையும் சொல்ல வேண்டும். 1964-இல் 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' தொடருக்கு அவர் எழுதிய முகப்பு இசையும் ஐந்து எண்ணிக்கைதான்.

பழைய கொட்டகை எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவந்தேன். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) ஆகிய ஜெய்சங்கர் படங்களுக்கு வேதா அமைத்த பின்னணி இசையைப் பற்றியும் யாரேனும் எழுதுவீர்களா?

நெறியாளர் எழுதியது:

வேதாவுக்குத் தனி இழையே தகும். நாளை தொடங்கித் தருகிறேன்; இங்கே ஹாலிவுட்டோடு நிற்போம்.

கறுப்பு வட்டு எழுதியது:

மூன்றாம் வரிசை அவர்களின் முதல் கேள்விக்கு இன்னும் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது. சாக்ஸஃபோன் 1958-இல் துப்பறிவாளரிடம் வந்தது என்றால், அது 1940களின் தெருவுக்கு எப்படிப் பின்னோக்கிப் போயிற்று?

அதைச் செய்தவர்கள் 1970களின் படைப்பாளிகள். 'சைனாடவுன்' (1974) படத்தின் கதை நடப்பது 1937-இல். முதலில் எழுதப்பட்ட இசை நிராகரிக்கப்பட்டு, பத்தே நாள் அவகாசத்தில் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் புதிய இசை எழுதினார்: நான்கு பியானோக்கள், நான்கு ஹார்ப்புகள், வயலின்கள், தாளக் கருவிகள், ஒற்றை டிரம்பெட். யுவான் ரேசி வாசித்த அந்த டிரம்பெட்டைக் கேட்கும் எவரும், 1937-இன் படங்கள் இப்படித்தான் ஒலித்திருக்கும் என்று சத்தியம் செய்வார்கள். 1937-இல் எந்தப் படமும் அப்படி ஒலித்ததில்லை. மறு ஆண்டில் 'ஃபேர்வெல், மை லவ்லி'. கதை 1941-இல் நடக்கிறது, டேவிட் ஷையரின் இசையில் ஜாஸ் வழிகிறது. இவர்கள் இளமையில் தொலைக்காட்சியில் கேட்டதைத் தங்களையறியாமல் தங்கள் தகப்பன்மார் காலத்துப் படங்களின்மேல் ஏற்றிவைத்தார்கள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு 1982-இல் 'போலீஸ் ஸ்க்வாட்' என்ற நகைச்சுவைத் தொடர் 'எம் ஸ்க்வாட்'டை இசையோடு சேர்த்துக் கேலி செய்தது. ஒன்றைக் கேலி செய்யும் அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், அது எப்போதும் அப்படியே இருந்தது என்று நம்புவதும் எளிதாகிவிடுகிறது.

நிலா முற்றம் எழுதியது:

அந்த வரிசையில் 'டாக்ஸி டிரைவர்' விடுபட்டுவிட்டதே! 'வெர்டிகோ'வின் அதே பெர்னார்ட் ஹெர்மன், வாழ்நாள் முழுவதும் ஜாஸ் பக்கம் அதிகம் போகாதவர், கடைசிப் படத்தில் ஒரு சாக்ஸஃபோனைத் தனியே பேசவிட்டார். 1975 டிசம்பர் 23-ஆம் நாள் ஒலிப்பதிவை முடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பியவர், அன்றிரவு உறக்கத்திலேயே காலமானார். அந்தச் சாக்ஸஃபோனை வாசித்தவர் ரானி லாங். பெயர் எங்கோ கேட்டது போல இருக்கிறதே என்று பழைய இசைத்தட்டு உறையை எடுத்துப் பார்த்தேன். 1958-இல் மான்சினியின் 'பீட்டர் கன்' பதிவுகளிலும் அவர் வாசித்திருக்கிறார்.

மூன்றாம் வரிசை எழுதியது:

நிலா முற்றம் அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நான் தேடிவந்தது ஒரு காலத்தை. நீங்கள் ஓர் ஆளையே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். பதினேழு ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் மூச்சு. இன்றிரவு இரண்டு இசைத்தட்டுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கப்போகிறேன்.

தெற்குவாசல் எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை. 'டாக்ஸி டிரைவர்' வெளிவந்தபோது விற்கப்பட்ட இசைத்தட்டில், ஹெர்மனின் இசையை வேறொருவர் மாற்றியமைத்த வடிவங்களும் உண்டு. அவற்றில் வாசித்தவர் டாம் ஸ்காட். ரானி லாங்கைத்தான் கேட்க வேண்டுமென்றால் தட்டை நம்பாதீர்கள். படத்தையே போடுங்கள்.